பதினொன்றுக்குக் கீழே

உலகத்தில் எடை என்று ஒன்று இருப்பது தீனாவுக்கு இருபத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை அது அவன் இடுப்பைச் சுற்றி வசதியாக உட்கார்ந்திருந்தும் அவன் கண்ணில் பட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணியை முடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தபடி செல்போனில் ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்தான். அந்த ஆள் தன்னுடைய பிஎம்எக்ஸ் சைக்கிளை ஒரே விரலில் தூக்கிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான். சொன்னது தீனாவுக்குப் புரியவில்லை. விரல் புரிந்தது. எழுந்து உட்கார்ந்து, நம்ம வண்டி தோற்பதெல்லாம் வெயிட்டால்தான் என்று மின்விசிறியைப் பார்த்து அறிவித்தான்.

அந்த 'நம்ம'வில் பாதி பூமாரியுடையது. அவள் அவனுடைய தங்கை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிற அவளும், கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் குறிக்கிற அவனும் சேர்ந்து வாங்கியதுதான் அந்தச் சைக்கிள். வாங்கிய அன்று இரண்டு பேருக்கும் சமம் என்று பேச்சு. ஆனால் ஆண்பிள்ளை, மூத்தவன் என்கிற இரண்டு காரணங்களால் தீனா அதற்குத் தானாகவே மந்திரியாகிவிட்டான். பூமாரி ஓட்டலாம், துடைக்கலாம், சங்கிலிக்கு எண்ணெய் விடலாம். கொள்கை முடிவுகள் அவனுடையவை.

அந்த நேரம் பார்த்துப் போட்டி வந்தது. எண்ணூரில் முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், எந்தக் காலத்திலோ கொட்டிப் பரப்பிய சாம்பல் மைதானம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் மன்றம் நடத்துகிற சுப்புராயன் சார் அதில் மேடும் பள்ளமும் கட்டி, பெண்களுக்கு ஒரு ரேஸ், ஆண்களுக்கு ஒரு ரேஸ் என்று வைத்தார். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேரைப் புனேவுக்குப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். பூமாரி கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே போனதில்லை. அங்கே போனதும் ஒரு சாவுக்குத்தான். வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லாத பொருட்கள் ஒரு மூட்டை இருந்தன. புனேவை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள், அதுவும் அடுப்பு இரைச்சலில்.

தீனா காரியத்தில் இறங்கினான். முதலில் யார்டில் பார்சல் எடை போடும் மேடையில் சைக்கிளை நிறுத்தினான். பன்னிரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ கெட்ட காய்ச்சல் என்று கேட்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். பிறகு ஒரு வாரம் வீட்டு வாசலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்டாண்டு போனது. பெல் போனது. பின்னால் மின்னுகிற சிவப்புக் கண்ணாடி போனது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கட்டைவிரல் அளவு அறுத்துத் தள்ளினான். சீட்டைத் தாங்கும் குழாயில் டிரில் வைத்து ஓட்டை போட்டான். அறுத்து விழுந்த இரும்புத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்து, இவ்வளவு நாளாக இதைத்தான் நாம் சுமந்தோம் என்று வருத்தப்பட்டான். பிரேக்கையும் கழற்றப் போனபோது பூமாரி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவில்லை. அது மட்டும் தப்பியது.

"உன் நாஸ்டால ஒரு இட்லி கொறச்சா இதெல்லாம் சமாளிக்கலாமே," என்றாள்.

"பாடி வெயிட்டு வேற, வண்டி வெயிட்டு வேற. நெட்டுல போட்டுக்கீறான். உனுக்குத் தெரியாது, உடு."

தெரியாது என்பது உண்மைதான்.

அடுத்தது டயர். அதுவரை சைக்கிளில் இருந்தது பட்டன் டயர். அகலமாக, கொட்டை கொட்டையாகப் பல் வைத்தது. சாம்பலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் ஆமை மாதிரி பரவி நிற்கும். அதைத் தீனா இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, எருமை என்றான். தேரடிக்குப் பக்கத்தில் சைக்கிள் சாமான் விற்கிற சுடலைராஜ் கடைக்கு இருவரும் போனார்கள். சுடலைராஜ் எந்த வாடிக்கையாளரையும் மறுத்துப் பேசாதவர். தீனா லைட் வெயிட் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒல்லியாக, வழவழவென்று, பல்லே இல்லாத ஒரு ஜோடியை இறக்கினார். பேன்சி ஐட்டம் தம்பி, உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்ச ஆளுதான் கேப்பாங்க என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத் தீனா ஒரு லாரி டயரைக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பான்.

பூமாரி டயரைத் தடவினாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"இது ரோட்டுக்கு ஓட்றது. நம்மளுது சாம்பலு," என்றாள்.

"அந்த வெள்ளக்காரன் இதுதான் போட்டுக்கினு பறந்தான். பார்த்தல்ல?"

பார்த்தாள். அந்த வீடியோவில் தரையை பிஸ்கட் மாதிரி கெட்டியாகத் தட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தாலும் அதில் கால் புதையாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தீனா பழைய டயர்களை மாற்றுக்குக் கொடுத்துவிட்டான். சுடலைராஜ் அவற்றை வாங்கிப் பின்பக்கமாக எறிந்தார்.

புது டயரோடு எடை போட வேண்டும். யார்டில் அன்று சூப்பர்வைசர் இருந்ததால் தீனா சைக்கிளை மாசானம் அண்ணாச்சி கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அண்ணாச்சி வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்பவர். கடை வாசலில் பெரிய எலக்ட்ரானிக் தராசு உண்டு. அதன் எண் பலகை உள்ளே பார்த்திருக்கும்; அண்ணாச்சி பார்த்து வாயால் சொல்வார், வாங்குகிறவர்கள் நம்புவார்கள். "என்னடே, சைக்கிளைக் கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு எட்டிப் பார்த்து, பத்து தொள்ளாயிரம் என்றார்.

தீனாவுக்குக் கண் கலங்கியது. பதினொன்றுக்குக் கீழே. வீடியோவில் போட்டிருந்த கணக்குப்படி வெள்ளைக்காரனுடையதே பதினொன்றைத் தாண்டியது.

அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் இருக்கும் காலடிப்பேட்டை முழுக்கச் செய்தி பரவியது. மறுநாளிலிருந்து பையன்கள் தங்கள் சைக்கிள்களை இழுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தீனா பெர்முடாஸைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, இங்கே அறு, அங்கே ஓட்டை போடு, டயரைத் தூக்கி எறி என்று சீட்டெழுதாத டாக்டராக விளங்கினான். அறுத்தவர்கள் எல்லாம் அண்ணாச்சி கடையில் எடை போட்டார்கள். எல்லாருக்கும் அதிசயமாகக் குறைந்தது. விரல் நுனி தெரிகிற கையுறை ஒன்றைத் தீனா வாங்கி மாட்டிக்கொண்டான். சோறு தின்கிறபோதும் இடது கையில் அது இருந்தது. அவனுடைய சிநேகிதன் அப்சல் மட்டும் எதையும் அறுக்கவில்லை. கொள்கை எதுவும் கிடையாது, சோம்பல். அவன் சைக்கிளில் ஸ்டாண்டு, பெல், பின்னால் கேரியர், அதில் ஒரு ரப்பர் பட்டை எல்லாம் இருந்தன. பையன்கள் அதற்குத் தண்ணி லாரி என்று பெயர் வைத்தார்கள். அப்சல் பெல்லை அடித்து அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டான்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது பூமாரி சாம்பல் மைதானத்துக்குப் பழகப் போனாள். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். முதல் மேட்டில் ஏறும்போதே பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. வளைவில் திருப்பியபோது முன் டயர் கேக்கில் கத்தி இறங்குவது போல இறங்கிக்கொண்டது. சைக்கிள் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. முழங்கை தோல் உரிந்து, வாயெல்லாம் சாம்பலாக எழுந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி அதே இடத்தில் விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்த பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து, பட்டன் டயரைப் போட்டுக் கொடு என்று கேட்டாள்.

தீனா அவள் முழங்கையைப் பார்க்கவில்லை. டயரில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு, பதினொன்றுக்குக் கீழே வந்த வண்டியை மறுபடி மேலே ஏற்றுவதா, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டான். அவள் ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறாள், உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சாய்ந்து காட்டினான். நாற்காலி முனகியது. அப்பா, அவன் சொன்னா கேளும்மா, நாலு பேர் அவன்கிட்ட கேட்டுப் போறாங்கல்ல என்றார். அப்பாவுக்கு நாலு பேர் வந்து கேட்டாலே விஷயம் முடிந்தது. அவர் ஓட்டுப் போடுவதும் அப்படித்தான்.

மறுநாள் வேலை விட்டு வருகிற வழியில் பூமாரி அண்ணாச்சி கடையில் வெங்காயம் வாங்க நின்றாள். முன்னால் ஒரு ஓட்டல்காரர் மூட்டை வாங்கிக்கொண்டிருந்தார். மூட்டை இறங்கியதும் தராசு காலியானது. அவள் உள்பக்கம் ஒதுங்கி நின்றதால் எண் பலகை நேராகத் தெரிந்தது. காலித் தராசு பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அது பூஜ்ஜியத்துக்கும் கீழே, முன்னால் ஒரு கோட்டோடு, ஏறக்குறைய ஒரு கிலோவைக் குறைத்துக் காட்டியது.

இது என்ன என்று கேட்டாள்.

"அதா? சாக்குக் கழிவும்மா," என்றார் அண்ணாச்சி. "காலையில வெறுஞ்சாக்க வச்சு சைபர் ஆக்கிருவேன். பொறவு எம்புட்டு மூட்டை ஏத்தினாலும் சாக்கு எடை தானா கழிஞ்சிரும். வெங்காயத்துக்குத்தானே துட்டு வாங்கணும், சாக்குக்கு வாங்கினா நல்லாவா இருக்கும்? சில்லறைக்கு அந்தா சின்னத் தராசு கெடக்கு."

"அப்போ சைக்கிள வெச்சா?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "சைக்கிளுக்கு ஏது சாக்கு. பயலுவ விளையாடுதானுவன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

பூமாரி வெங்காயத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஊரிலுள்ள இளவட்டம் முழுக்க ஒரு வெங்காயச் சாக்கைத் தங்கள் சைக்கிளிலிருந்து கழித்துவிட்டு மார்தட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில்பாரை அறுத்தவன், மிதிகட்டையை ராவியவன், பிரேக்கைக் கழற்றிவிட்டுச் செருப்பைத் தேய்த்து நிற்கிறவன் எல்லாரும் சேர்ந்து குறைத்ததைவிட அந்த வெறுஞ்சாக்கு அதிகம் குறைத்திருக்கிறது. தெருமுனையில் இரண்டு பேர் பத்து எழுநூறா, பத்து அறுநூறா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் தீனா வாசலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் தராசு விவரத்தை முதலிலிருந்து சொன்னாள். அவன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். வண்டியின் உண்மையான எடை எவ்வளவு என்று கேட்பான் என நினைத்தாள்.

"பசங்க கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். "இன்னா வோணும் உனுக்கு?"

"பட்டன் டயரு. ரெண்டும். என் ரேஸு முடியிற வரிக்கும்."

"அதோட வாய மூடிக்குவியா?"

"மூடிக்கிறேன்."

அண்ணனைப் பற்றி அவளுக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த இடத்திலேயே முடிந்தது. அதற்காக அழுகை ஒன்றும் வரவில்லை. சுமை இறங்கினாற்போல்தான் இருந்தது. சுடலைராஜ் கடைக்கு அவனையே அனுப்பினாள். அவர்களுடைய பழைய டயர்களுக்கே கறுப்பு மெருகு போட்டுப் புதுசு மாதிரி மாட்டி வைத்திருந்தார் சுடலைராஜ். தீனா தன் டயரையே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, சாக்குப் பையில் சுற்றி, பையன்கள் பார்க்காத சந்து வழியாக வந்தான். பார்த்துவிட்ட ஓரிருவரிடம், பொம்பளப் புள்ளைக்கு லைட் வெயிட்டு தாங்காது, அதான் கனமா போட்டுக் குடுக்குறேன் என்று விளக்கினான். அதையும் அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

போட்டி அன்று சாம்பலை நனைக்கத் தண்ணீர் லாரி வரும் என்றார்கள். வரவில்லை. மைதானம் மாவு மில் வாசல் மாதிரி இருந்தது. ஆறு பெண்கள் நின்றார்கள். பூமாரி காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். எடை குறைத்த சைக்கிள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அறுத்த ஹேண்டில்பாரில் கை வைக்க இடம் போதவில்லை, ஓட்டை போட்ட சீட்டுக் குழாய் ஒவ்வொரு மேட்டிலும் கிறீச்சிட்டது. அதனால் உட்காரவே இல்லை, முழுக்க நின்றபடி மிதித்தாள். முதல் வளைவில் இரண்டு பேர் புதைந்து நின்றார்கள். அவளுடைய டயர் பரவி, வழுக்கி, பிடித்து, வெளியே வந்தது. கடைசி மேட்டில் ராயபுரம் ஷிஜி தாண்டிப் போய்விட்டாள்; ஷிஜிக்குத் தலைக்கவசம் முதல் காலுறை வரை எல்லாம் இருந்தது, கூடவே கால்களும் நன்றாக இருந்தன. பூமாரி இரண்டாவதாக வந்தாள். இரண்டாவது போதும். சுப்புராயன் சார் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டபோது சாம்பல் படிந்த வாயால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. தீனா டயரை மாற்றிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பையன்கள். பட்டன் டயரோடு ஓட்டினால் தங்கச்சி வண்டியில் வந்தான் என்பார்கள். அதைவிட, இந்த ஒரு வாரத்தில் அவன் தன் பேச்சைத் தானே கேட்டுக் கேட்டு நம்பிவிட்டிருந்தான்.

"ண்ணா, வோணாம். தரை மாவா கீது," என்றாள் பூமாரி.

"உன் ரேஸு முடிஞ்சிச்சா இல்லியா?"

முடிந்திருந்தது. அவள் அவ்வளவுக்குத்தான் பேரம் பேசியிருந்தாள். புனேவுக்கும் இதே சைக்கிள்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். தீனா அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பையன்களைப் பார்த்துச் சிரித்தான்.

ஆண்கள் ரேஸ் முதல் வளைவோடு ஏறக்குறைய முடிந்தது. வளைவு வரை தீனாதான் முன்னால் வந்தான், அதை மறுப்பதற்கில்லை. நேர்கோட்டில் எண்பத்தைந்து கிலோ உடம்பும் சேர்ந்து மிதித்தால் எதுவும் ஓடும். வளைவில் முன் டயர் இறங்கியது. சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. தீனா அதைத் தாண்டிப் போய் விழுந்தான். பின்னாலேயே அவனிடம் வைத்தியம் செய்துகொண்ட நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து, அதே இடத்தில், அதே மாதிரி இறங்கினார்கள். பிரேக்கைக் கழற்றியவர்கள் நிற்க வழியில்லாமல் குவியலின் மேலேயே ஏறினார்கள். சாம்பல் எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து பெல் சத்தம் கேட்டது. வழி விடச் சொல்லி அடித்துக்கொண்டே, கேரியர் கடகடக்க, அப்சல் ஓரமாக வெளியே வந்தான். அவசரமில்லாமல் போய் எல்லைக் கயிற்றைத் தொட்டான். ஜெயித்தது கொஞ்ச நேரம் அவனுக்கே தெரியவில்லை.

புகை அடங்கியதும் பூமாரி ஓடினாள். தீனா உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அவள் அவனைத் தாண்டிப் போய் சைக்கிளை எடுத்தாள். முன் ரிம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சீட்டுக் குழாய் ஓட்டை போட்ட இடத்தில் மடங்கித் தொங்கியது.

சுப்புராயன் சார் குனிந்து பார்த்தார். அடுத்த மாதம் முகாம், சைக்கிளை அவரவர் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவதாக வந்த பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபம் ஒன்றுமில்லை, விவரமாகத்தான் சொன்னார்.

"தரை சரியில்ல சார்," என்று தீனா ஆரம்பித்தான். "வண்டி பதினொண்ணுக்குக் கீழ—"

"சைக்கிள் கீது சார்," என்றாள் பூமாரி. "என்னுதுதான். ரெடி பண்ணி எடுத்துகினு வருவேன்."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீனா வாயைத் திறந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்கைப் பற்றிச் சொல்வாளோ என்று அவன் பயப்படுவது தெரிந்தது. அவள் சொல்வதாக இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். ஆனால் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு மறுபடி உறுதி சொல்லவும் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தூக்கு. சுடலைராஜு கடைய மத்தியானம் மூடிடுவாரு," என்றாள்.

முன்சக்கரம் உருளாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் சாம்பல் மூட்டை மாதிரி இருந்த அவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போனார்கள். தீனா சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இரண்டு லாரி நீளத்துக்கு ஒரு தடவை தோளை மாற்றினான். கனமா கீதுடி என்று ஒரு தடவை சொன்னான். அவளுக்குக் காதில் விழுந்தது.

பட்டன் டயர் இரண்டையும் அவள் வளையல் மாதிரி ஒரே கையில் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரிம் மாற்ற வேண்டும், சீட்டுக் குழாய் மாற்ற வேண்டும், ஹேண்டில்பாருக்கு அறுக்காத குழாய் பார்க்க வேண்டும். டயருக்குத்தான் இப்போதே முடிவு சொல்ல முடியாது. புனேவில் மண் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. களிமண்ணா, செம்மண்ணா, அந்த வெள்ளைக்காரன் ஓட்டின பிஸ்கட் தரையா? பிஸ்கட் தரை என்றால் அந்த வழுக்கை டயரேகூட வேண்டியிருக்கும். சுப்புராயன் சாரைக் கேட்டால் தெரியும். அவரிடம் போய்த் தானாக வாய் திறந்து கேட்க வேண்டும். இன்றைக்கு ஒரு தடவை திறந்தாயிற்று, இன்னொரு தடவை திறக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, பின்னால் அவன் வருகிறானா என்று பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள்.